மலைக்குட்டை மீனுக்குப் பூண்டும் மஞ்சளும்: எதை, எவ்வளவு, எப்போது கலப்பது

கொடைக்கானல் மேல்மலையில் கேரட்டுக்கும் பூண்டுக்கும் தண்ணீர் தேக்க வெட்டிய பண்ணைக்குட்டைகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது மீன்குஞ்சு விட்டுப் பார்க்கிறார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கமும் இப்படித்தான். நான்கைந்து மாதம் போனதும் ஒரே கேள்வி வருகிறது: "மீன் வளரவே இல்லை, தீவனத்தில் என்ன கலந்து போடலாம்?"

கலக்கலாம். பூண்டு, மஞ்சள், ஈஸ்ட், முருங்கையிலை என்று மலையிலும் அடிவாரத்திலும் கிடைக்கும் பொருள்களே போதும். ஆனால் இவை எதுவும் நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து இல்லை. நோய்ப்பட்ட மீன் முதலில் விடுவது தீனியைத்தான். தின்னாத மீனுக்குத் தீவனத்தில் எதைக் கலந்தும் பயனில்லை. மீன் நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போது, மழையும் குளிருமான கெட்ட பருவம் வருவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரத்தில் கொடுத்து முடிக்க வேண்டிய சங்கதி இது. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கணக்கை ஒட்டியதே.

இந்த வழிகாட்டி கெண்டை வளர்ப்பவர்களுக்கு. சாதாக் கெண்டை 1939-லேயே இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, குளிரைத் தாங்கி நிலைத்துவிட்ட மீன். மேல்மலையில் அதுவும் புல்கெண்டையும்தான் நம்பகமானவை. கூடலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற உயரம் குறைந்த இடங்களில் கட்லா, ரோகுவையும் சேர்க்கலாம். டிரவுட் வேறு உலகம்: ஓடும் நீர், கூடுதல் புரதம், தனித் தீவனம். அதற்கு இந்த அளவுகள் பொருந்தா.

முதல் வேலை: தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது

மீன் குளிர் இரத்தப் பிராணி. தண்ணீர் 25 டிகிரி இருந்தால் பசி எடுக்கும். 15 டிகிரிக்கு இறங்கினால் பசி பாதிக்கும் கீழே போகும். 10 டிகிரிக்குக் கீழே சாதாக் கெண்டை குட்டையின் அடியில் போய் அசையாமல் கிடக்கும். செரிமானமும் நோயெதிர்ப்பும் அதோடு சேர்ந்து மந்தமாகும். எனவே ஒரு வெப்பமானியை முதலில் வாங்குங்கள். நூலில் கட்டி, ஓரடி ஆழத்தில் விட்டு, காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பார்த்து எழுதி வையுங்கள். தீவன அளவைப் பிற்பகல் வெப்பத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

மீனின் மொத்த எடையில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கொள்ளுங்கள். 22 டிகிரிக்கு மேல் இருந்தால் ஐம்பது கிராமுக்குட்பட்ட குஞ்சுக்கு 3 சதவீதம், பெரிய மீனுக்கு 2 சதவீதம். 18 முதல் 22 வரை ஒன்றரை சதவீதம். 14 முதல் 18 வரை ஒரு சதவீதம். 10 முதல் 14 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் அரை சதவீதம். அதற்குக் கீழே ஒன்றும் வேண்டாம். மலையில் காலை ஆறு மணிக்குத் தீவனம் போடுவது வீண். அந்த நேரத்தில் மீன் அடியில் கிடக்கும், தீவனம் ஊறி அழுகும். பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் போடுங்கள்.

தண்ணீரின் புளிப்பையும் பாருங்கள். மலைமண் அமிலத்தன்மை உள்ளது, மழைநீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. கார அமில நிலை (pH) 7-க்குக் கீழே இருந்தால் சென்ட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ விவசாயச் சுண்ணாம்புத் தூளை (வேளாண் கடைகளில் மண்ணுக்குப் போடக் கிடைப்பது) நீரில் கரைத்துத் தெளியுங்கள். அதை ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நான்கு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பையும் நீற்றுச் சுண்ணாம்பையும் மீன் இருக்கும் குட்டையில் போடவே கூடாது. கடினத்தன்மை இல்லாத மலைநீரில் அவை காரத்தைச் சட்டென்று ஏற்றிச் செவுளைச் சுட்டுவிடும். மழை முடிந்த குளிர்ப்பருவத்தில், சுண்ணாம்புச் சத்தற்ற நீரில்தான் மீனுக்குப் புண் நோய் அதிகம் வருகிறது. அங்கே பூண்டைவிடச் சுண்ணாம்புதான் முதலில் காக்கும்.

அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையா? அப்படியானால் தீவனத்தின் பொறுப்பு இரட்டிப்பு. மண்குட்டையில் மீனுக்குப் புழு, பாசி, மிதவை உயிர்கள் என்று பக்கத் தீனி கிடைக்கும். தாள் விரித்த குட்டையில் நீங்கள் போடுவதுதான் முழுச் சாப்பாடு. வைட்டமினும் தாதுவும் உள்ள தீவனம் இல்லாமல் வெறும் தவிடும் புண்ணாக்கும் போட்டால் முதுகு வளைந்த மீன், துடுப்பு அரித்த மீன் வரும். அதைப் பூண்டு சரிசெய்யாது.

அடிப்படைத் தீவனம் கெட்டிருந்தால்

மலையில் தீவனத்துக்கு முதல் எதிரி பூஞ்சாணம். மூடுபனி, சாரல், ஈரச் சுவர். கடலைப் புண்ணாக்கில் பச்சை கலந்த மஞ்சள் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். வேகவைத்தாலும் அது போகாது. மீனின் ஈரலைக் கெடுத்து, வளர்ச்சியை நிறுத்தி, நோயெதிர்ப்பைக் குலைக்கும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் மஞ்சள் கலந்து போட்டுவிட்டு "இயற்கை முறை" என்று நிம்மதியாக இருப்பது மீனுக்குச் செய்யும் துரோகம். அதை எருக்குழிக்கு அனுப்புங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து, டிரம்மைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். கையை உள்ளே விட்டால் சூடாகத் தெரிந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, மக்கிய வாடை அடித்தாலோ பயன்படுத்தக் கூடாது.

கடைத் தீவனம் வாங்குபவர்கள் கெண்டைக்கான மிதவைத் தீவனத்தை வாங்கலாம். புரதம் 28 சதவீதம் அளவில் இருந்தால் போதும். வீட்டிலேயே செய்பவர்களுக்குப் பத்துக் கிலோவுக்கான கணக்கு இது: கடலைப் புண்ணாக்கு 4 கிலோ, தவிடு மூன்றரைக் கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் ஒன்றரைக் கிலோ, மரவள்ளி மாவு 800 கிராம், தாதுஉப்புக் கலவை 200 கிராம். புரதம் ஏறத்தாழ 28 சதவீதம் வரும். கருவாடு உப்பில்லாததாக இருப்பது முக்கியம். சமையலுக்கு விற்கும் உப்புக் கருவாட்டை அரைத்துப் போட்டால் தீவனம் கரித்து, மீன் வாயில் வாங்கித் துப்பும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கடைகளில் விற்கும் கலவைகளில் பதினைந்து மூலிகைப் பெயர்கள் இருக்கும். புதியவர்களுக்கு நான்கு போதும்.

பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால் என்று குட்டைக்கு அருகிலேயே விளைகிறது. காரம் கூடியது. பூண்டுப் பல்லில் அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கும். நசுக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. கிருமியை அடக்குவதும் பசியைத் தூண்டுவதும் அதன் வேலை. எனவே இரண்டு விதிகள்: நசுக்கியபின் பத்து நிமிடம் விட்டுவைக்க வேண்டும், சூட்டில் போடக் கூடாது. வேகும் மாவில் பூண்டைப் போட்டால் நொதி செத்து வெறும் வாசனைதான் மிஞ்சும்.

அளவு: ஒரு கிலோ தீவனத்துக்கு உரித்த பச்சைப் பூண்டு 20 கிராம். காய்ந்த தூள் என்றால் 7 அல்லது 8 கிராம். பச்சைப் பூண்டில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் இந்த வேறுபாடு. "20 கிராமே இவ்வளவு நல்லதென்றால் 60 போடலாமே" என்று தோன்றும். வேண்டாம். பூண்டு, வெங்காய இனத்தின் கந்தகச் சேர்மங்கள் அளவு மிஞ்சினால் கால்நடைகளின் சிவப்பணுக்களைச் சிதைப்பது தெரிந்த விஷயம். மீனிலும் அளவு கூடினால் வளர்ச்சி கூடாமல் திரும்பக் குறைகிறது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விதைக்காக எடுத்து வைத்த பூண்டில் பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்திருப்பார்கள். மிச்சமானது வீணாகாமல் மீனுக்குப் போகட்டும் என்று அதை எடுக்காதீர்கள். சமையலுக்கு வைத்திருப்பது அல்லது வடுகபட்டிச் சந்தையில் வாங்கியதே போதும். பெரிய பல்லாக இருக்க வேண்டியதில்லை; விலை போகாத பொடிப்பூண்டு இதற்கு அருமையானது.

மஞ்சள். கிலோவுக்கு 5 கிராம். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தண்ணீரில் கரைத்துத் தீவனத்தின்மேல் தெளிப்பவர்கள் குட்டை மஞ்சளாவதைத்தான் பார்ப்பார்கள். 15 மில்லி நல்லெண்ணெய் அல்லது மீனெண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டில் எடுத்து, மஞ்சள்தூளை அதில் குழைத்துப் பூச வேண்டும். வெயில் பட்டால் குர்குமின் சிதையும், ஆகவே நிழலில் உலர்த்துங்கள். தளதளவென்று கண்ணைப் பறிக்கும் கடைத்தூளில் ஈய குரோமேட் கலப்படம் இருக்கலாம். முழு மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்வதே சரி.

ஈஸ்ட். பேக்கரிக்கு வாங்கும் உலர்ந்த ஈஸ்ட் கிலோவுக்கு 5 கிராம். அதன் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் மீனின் எதிர்ப்பு அணுக்களை விழிக்க வைக்கிறது. ஈஸ்ட் உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் அந்தச் சுவர் அப்படியே இருக்கும். இதனால்தான் மலைக்குத் தயிரைவிட ஈஸ்ட் பொருத்தம் என்கிறோம். தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் முப்பது டிகிரிக்கு மேல் செழிப்பவை. 16 டிகிரித் தண்ணீரில் வாழும் மீனின் குடலில் அவை சோம்பிக் கிடக்கும். சமவெளிக் குளங்களில் தயிர் கரைசலுக்குக் கிடைக்கும் பலனை இங்கே எதிர்பார்க்க முடியாது.

முருங்கையிலைத் தூள். இது மருந்தைவிட உணவுக்கு நெருக்கமானது. மேல்மலையில் முருங்கை சரியாக வராது. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து இலையை வாங்கி நிழலில் உலர்த்தி இடித்துக்கொள்ளலாம். கிலோவுக்கு 30 கிராம். 100 கிராமைத் தாண்டினால் அதிலுள்ள சப்போனினும் டானினும் செரிமானத்தைத் தடுக்கும், மீன் மெலியும்.

வேம்பு வேண்டாம். பூச்சியை விரட்டும் அதே சாறு அளவு சற்றுத் தவறினாலும் மீனையும் தாக்கும். வேப்பிலைக் கரைசலைக் குட்டையில் ஊற்றுவது இன்னும் மோசம். தேயிலைக் கழிவும் வேண்டாம், டானின் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தைலமரத்தடியில் குட்டை இருந்தால் விழும் இலையை வலைபோட்டுத் தடுங்கள்.

எடை போடாமல் கலக்கக் கூடாது

சமையலறைக் கைப்பிடி அளவு இங்கே உதவாது. ஒரு கணக்கு பார்ப்போம். ஐந்து சென்ட் குட்டை, 200 குஞ்சு விட்டீர்கள். சாவு போக 180 இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீச்சு வலையில் இருபது மீனைப் பிடித்து, தண்ணீர் நிரப்பிய வாளியோடு எடை போட்டு, வாளியின் எடையைக் கழித்து, இருபதால் வகுத்தால் சராசரி 100 கிராம் என்று வருகிறது. மொத்தம் 18 கிலோ மீன். பிற்பகல் நீர் 19 டிகிரி, எனவே ஒன்றரை சதவீதம்: நாளைக்கு 270 கிராம் தீவனம், வாரத்துக்கு 1.9 கிலோ. அதற்குப் பூண்டு வாரம் முழுவதற்கும் 38 கிராம். அதாவது ஒரு பெரிய முழுப்பூண்டு. மஞ்சள் ஒன்பதரை கிராம், சிறு கரண்டியில் மூன்று.

இவ்வளவுதானா என்று வியப்பீர்கள். ஆமாம், இவ்வளவுதான். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கடைத் தீவனத்தில் பூசும் முறை

ஒரு கிலோவுக்குச் சொல்கிறோம். 10 கிராம் மரவள்ளி மாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். விரலை விட்டால் வெதுவெதுப்புகூட இருக்கக் கூடாது. இதற்கிடையில் 20 கிராம் பூண்டை அம்மியிலோ உரலிலோ நைய நசுக்கிப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். ஆறிய கஞ்சியில் விழுதைக் கலந்து, அகலமான பாத்திரத்தில் கொட்டிய தீவனத்தின்மேல் சிறிது சிறிதாக ஊற்றிக் கையால் புரட்டுங்கள். பிசையக் கூடாது, உருண்டைகள் உடைந்து தூளானால் அது மீன் வாய்க்குப் போகாமல் தண்ணீரைக் கெடுக்கும்.

புரட்டியதை மூங்கில் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி நிழலில் இரண்டு மணிநேரம் உலர்த்துங்கள். மேற்பரப்பு கையில் ஒட்டாத நிலை வந்ததும் 10 மில்லி எண்ணெயைத் தெளித்து மறுபடி புரட்டுங்கள். எண்ணெய் மேலுறைபோல் நின்று, தண்ணீரில் பூண்டு கரைந்து போவதைத் தாமதிக்கும். மஞ்சளும் சேர்ப்பதாக இருந்தால் இந்த எண்ணெயை 15 மில்லியாக்கி, அதில் குழைத்துவிடுங்கள்.

எது தவறும்? மூடுபனி நாளில் தீவனம் உலராது. ஈரத்தோடு டிரம்மில் போட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை. மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்; அதுவும் இயலாவிட்டால் அன்றன்றைக்கு வேண்டிய 270 கிராமை மட்டும் கலந்து உடனே போடுங்கள். உலர்ந்த நாளிலும் இரண்டு மூன்று நாளைக்கு மேல் சேர்த்துக் கலக்காதீர்கள். அல்லிசின் நிலையற்றது, வைத்தால் போய்விடும். அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்துவது சுலபமாகத் தோன்றும். பூண்டு சேர்த்தபின் அதைச் செய்யக் கூடாது.

வீட்டுத் தீவனத்தில் சேர்க்கும் முறை

புண்ணாக்கை நன்றாக இடித்துச் சலித்து, தவிடு, கருவாட்டுத் தூள், மரவள்ளி மாவோடு கலந்து, வெந்நீர் விட்டுக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசைந்து, இட்லிக் கொப்பரையில் இருபது நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். வெந்தால் மரவள்ளி மாவு பசையாகி உருண்டை தண்ணீரில் கலையாமல் நிற்கும். ஈஸ்ட்டையும் முருங்கைத் தூளையும் வேகும் முன்பே சேர்க்கலாம். நன்றாக ஆறியபின் தாதுஉப்பு, பூண்டு விழுது, எண்ணெயில் குழைத்த மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து மறுபடி பிசைந்து, முறுக்கு உரலில் தேன்குழல் அச்சுப் போட்டுப் பிழிந்து, நிழலில் காயவைத்து ஒடித்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு ஓமப்பொடி அச்சு.

பதம் சரியா என்று அறிய, காய்ந்த துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். கால் மணிநேரம் வடிவம் மாறாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கரைந்தால் மரவள்ளி மாவு போதவில்லை, அல்லது உள்ளே வேகவில்லை.

இது மூழ்கும் தீவனம். கண்டபடி வீசாமல், ஓரங்களில் இரண்டடி ஆழத்தில் கயிற்றில் தொங்கும் தட்டில் வையுங்கள். ஒரு மணிநேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் மீன் தின்றதா என்ற உண்மை தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாள் கால்பங்கைக் குறையுங்கள்.

எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது

குஞ்சு விட்ட முதல் மூன்று நாள் ஒன்றும் கலக்காதீர்கள். சமவெளிப் பண்ணையில் 27, 28 டிகிரியில் இருந்த குஞ்சு உங்கள் 17 டிகிரிக் குட்டைக்கு வரும்போதே பாதி அடிபட்டிருக்கும். பையை அப்படியே அரைமணிநேரம் மிதக்கவிட்டு, பிறகு குவளை குவளையாகக் குட்டைத் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, இன்னொரு அரைமணி கழித்தே மீனை வெளியே விடுங்கள். மார்ச், ஏப்ரலில் விட்டால் இந்த அதிர்ச்சி பெரும்பாலும் தவிரும். டிசம்பரில் விட்ட குஞ்சின் மேல் பத்து நாளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை வந்தால் அது தீவனக் குறை இல்லை, குளிர் பட்ட அடி.

நாலாம் நாளிலிருந்து மூன்று வாரம் ஈஸ்ட். அதன்பின் மூன்று வாரம் வெறும் தீவனம்.

பூண்டைப் பருவம் பார்த்து வையுங்கள். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமானது. அதன் முதுகில் டிசம்பர், ஜனவரி உறைபனி வந்து ஏறும். அங்கே செப்டம்பரில் தொடங்கி நான்கு வாரம். கூடலூர், பந்தலூரில் ஜூன் மாதமே தென்மேற்கு மழை கொட்டும். ஆகவே மே மாதம். மேல்மலையில் நவம்பர் கடைசியில் விழித்துக்கொண்டு பூண்டு உரிப்பவர்கள் தாமதித்துவிட்டார்கள். அப்போது மீன் தின்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் மருந்தளவு உள்ளே போகாது. அளவைக் கூட்டி ஈடுகட்டவும் முடியாது.

முதல் இரண்டு நாள் பாதி அளவு கொடுங்கள். புது வாசனைக்குச் சில மீன் துப்பும், பிறகு அதே வாசனை ஈர்க்கும். வலைபோட்டுப் பிடித்து எடை பார்த்த பின்னோ, வேறு குட்டைக்கு மாற்றிய பின்னோ ஒரு வாரம் மஞ்சள் கொடுப்பது நல்லது. கைபட்டுச் செதில் உதிர்ந்த இடத்தில்தான் கிருமி நுழையும்.

ஆண்டு முழுவதும் தொடர்ந்து கொடுத்தால் என்ன? எதிர்ப்பைத் தூண்டும் எந்தப் பொருளும் இடைவெளி இல்லாமல் போனால் உடல் அதற்குப் பழகி அயர்ந்துவிடும். மூன்று நான்கு வாரம் கொடு, அதே அளவு காலம் விடு. முருங்கைக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

புல்கெண்டை தனிப்பிறவி. அது இலையை நிரப்பிக்கொண்டு தீவனத்தைக் கொஞ்சமே தொடும். கலப்புத் தீவனம் கொடுக்கும் வாரங்களில் முதலில் தீவனத்தைப் போட்டு, ஒரு மணிநேரம் கழித்துப் புல்லைப் போடுங்கள். கிக்குயூ புல், நேப்பியர் புல் சிறந்தவை. மருந்தடித்த தோட்டத்துக் கேரட் தழையும் முட்டைக்கோசின் வெளியிலையும் வேண்டவே வேண்டாம். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து தெளித்த பம்பைக் குட்டையில் கழுவிய ஒரே காரணத்தால் ஒரே இரவில் குட்டை முழுவதும் மிதக்கும்.

தீவனத்தால் தீராதவை

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? பிராணவாயுக் குறை. தீவனத்தை நிறுத்தி, தண்ணீரை மேலிருந்து விழச் செய்யுங்கள். கரையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்த்துத் துள்ளினால் ஒரு மீனைப் பிடித்துப் பாருங்கள். பயறளவு வட்டமாக, கண்ணாடிபோல் மெல்லியதாக ஊர்வது மீன்பேன். பூண்டு வாசனைக்கு அது போகாது. பஞ்சுப் பூஞ்சை கண்ட சில மீன்களைத் தனியே எடுத்து, லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்புக் கரைத்த நீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுக்கலாம். மீன் சாய்ந்தால் உடனே நல்ல தண்ணீரில் விட வேண்டும். வயிறு உப்பி, செதில் சிலிர்த்து நின்றாலோ, சிவந்த புண் பல மீன்களில் தெரிந்தாலோ நாட்டுவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். செத்து நேரமாகாத மீனையோ நோய்ப்பட்ட உயிர்மீனையோ எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். யாரோ கொடுத்த ஆண்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலக்கவும் வேண்டாம். குளோரம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகைகளும் மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது

மலையில் புதியவர்கள் பெரிதும் ஏமாறும் இடம் இது. பிப்ரவரியில் பூண்டு தொடங்குகிறார்கள், ஏப்ரலில் மீன் இரட்டித்து நிற்கிறது. பூண்டின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது வெயிலின் வேலை. தண்ணீர் 13-லிருந்து 20-க்கு ஏறினால் எதுவும் கலக்காமலே மீன் வளரும்.

உண்மையை அறிய ஒரே குட்டையில் இரண்டு வலைக்கூண்டு கட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவுள்ள இருபது குஞ்சு. ஒன்றுக்குக் கலப்புத் தீவனம். மற்றதற்கு அதே கஞ்சியும் அதே எண்ணெயும் பூசி, பூண்டு மட்டும் இல்லாத தீவனம். எண்ணெயே வளர்ச்சி தரும் என்பதால் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். எட்டு வாரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை. போட்ட மொத்தத் தீவனத்தைக் கூடிய எடையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ மீனுக்கு எந்தக் கூண்டில் குறைந்த தீவனம் ஆயிற்று, எதில் சாவு குறைவு என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டும் சோதியுங்கள். நான்கையும் சேர்த்துப் போட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய வழியில்லை.

விற்பனைக்குப் பிடிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே பூண்டை நிறுத்திவிடுங்கள், சதையில் வாடை தங்கும். பிடிப்பதற்கு முந்தின நாள் தீவனமே வேண்டாம். குடல் காலியாக இருந்தால் மீன் சந்தை போய்ச் சேரும்வரை கெடாது.